லேபிளில் இரண்டு சொல், பின்னால் ஒரு பதிவேடு

ஒரு கிரீம் டப்பாவின் முகப்பில் ‘சென்சிட்டிவ் சருமத்துக்கு’ என்று அச்சடிக்கப் பல நாடுகளில் யாரிடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு) என்ற கனமான சொல்லுக்கும் பல இடங்களில் அதே நிலைதான். அந்தச் சொல்லுக்குக் கடிவாளம் போட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975-ல் ஒரு விதி கொண்டுவந்தது. இந்தச் சொல்லைப் போட வேண்டுமென்றால், போட்டிப் பொருள்களைவிட உங்கள் பொருளால் பாதிப்பு குறைவாகவே வருகிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும் என்றது அது. ஆல்மே, கிளினீக் ஆகிய இரண்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதிலிருந்து அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வரையறை கிடையாது. போடுகிறவர் என்ன நினைத்துப் போடுகிறாரோ அதுதான் பொருள்.

முகப்பை நம்பி நாலைந்து முறை சூடுபட்டவர்கள் டப்பாவைத் திருப்பிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எளிதில் எரிச்சலடையும் சருமம் உள்ளவரை மற்ற வாடிக்கையாளரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பழக்கம்தான். வேதியியல் படித்திராதவர்கூட ‘பீனாக்ஸிஎத்தனால்’, ‘லினலூல்’ என்று கூட்டுப்பொருள் பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பார். தனக்கு ஆகாத மூன்று பெயர்களைத் தேடி, இல்லை என்று தெரிந்த பிறகே விலையைப் பார்ப்பார்.

இவருக்காகத் தொழில் தொடங்கும் சிறு தயாரிப்பாளர் பலர், மென்மையான ஒரு கிரீமைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மென்மையான கிரீம் செய்வது அவ்வளவு சிரமமில்லை. அதே கிரீமை நாற்பதாவது முறையும் அச்சு மாறாமல் செய்வதுதான் சிரமம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், மூலப்பொருளுக்குள் இருக்கும் மூலப்பொருள்வரை சொல்ல முடிவது அதைவிடச் சிரமம். என் கணிப்பில் இந்தத் தொழிலில் விலை போகிற சரக்கு அதுதான். டப்பாவுக்குள் இருப்பது அதற்கு அடுத்த இடம்.

எரிகிறது என்றால், எது?

‘சென்சிட்டிவ்’ என்பது ஒரு நோயின் பெயரல்ல. அரிப்பு ஆய்வுக்கான பன்னாட்டு மன்றத்தின் நிபுணர் குழு 2017-ல் வெளியிட்ட வரையறை, உணர்வை வைத்தே அதை விளக்குகிறது: சாதாரணமாக ஒன்றும் செய்யக் கூடாத தூண்டல்களுக்கு எரிச்சல், குத்தல், வலி, அரிப்பு, கூச்சம் போன்ற வேண்டாத உணர்வுகள் வருவது, அதற்குக் காரணமாக வேறொரு தோல் நோயைக் காட்ட முடியாதது. தோல் சிவந்தும் இருக்கலாம், பார்வைக்கு எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். ‘ஒன்றுமே இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இந்த வரையறை பெரிய ஆறுதல்.

இதை அளக்கும் வழி ஒன்றை ஃபிராஷ், கிளிக்மன் என்ற ஆய்வாளர்கள் 1977-லேயே விவரித்தார்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் லாக்டிக் அமிலக் கரைசலைத் தடவி, எவ்வளவு குத்துகிறது என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஒருவருக்குச் சுரீர் என்று குத்தும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இருவர் தோலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

தொழில் செய்பவர் இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ‘உங்கள் கிரீம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, மேலே சொன்ன வெறும் குத்தல். தடவிய சில நிமிடங்களில் வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். இரண்டாவது எரிச்சல் அழற்சி. இது அளவைப் பொறுத்தது. போதிய அளவும் போதிய நேரமும் கிடைத்தால் யாருக்கும் வரும். சிலருக்குச் சீக்கிரம் வரும். மூன்றாவதுதான் உண்மையான தொடு ஒவ்வாமை. இதில் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. முதல் பதிவுக்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். பதிந்துவிட்டால், அடுத்த முறை மிகச் சிறிய அளவு போதும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தடிப்பும் அரிப்பும் கிளம்பும். அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

மூன்றுக்கும் மருந்து வேறு. குத்தலென்றால் கிரீமின் அமிலத்தன்மையையோ ஒரு கரைப்பானையோ கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். எரிச்சலென்றால் செறிவைக் குறைக்கலாம். ஒவ்வாமையென்றால் அந்தப் பொருள் அறவே இருக்கக் கூடாது. பாதியாகக் குறைத்துப் பயனில்லை. இவை தவிர எக்ஸிமா, ரோசேசியா போன்ற நோய் இருப்பதே தெரியாமல் ‘எனக்குச் சென்சிட்டிவ் சருமம்’ என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் தோல் மருத்துவரிடம் அனுப்புவதால் ஒரு டப்பா விற்பனை போகும். அனுப்பத்தான் வேண்டும்.

சருமத்தின் மேலடுக்கு, உடம்பின் பெரும்பாலான இடங்களில், மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு கனம்தான். இறந்த செல்களைச் செங்கல்லாகவும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பைச் சாந்தாகவும் வைத்து இதை விளக்கிய உவமை, பீட்டர் எலியாஸ் என்ற தோல் ஆய்வாளரிடமிருந்து வந்து இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. சாந்தில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் உண்டு. செங்கல்லுக்கு உறுதி தரும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பழுது எக்ஸிமாவுக்கு வழிவிடுகிறது என்பதை டண்டீ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2006-ல் காட்டியது. அதாவது சிலருடைய சுவர் பிறவியிலேயே கொஞ்சம் ஓட்டை. வெளியே நிற்க வேண்டியது உள்ளே போகிறது, உள்ளே இருக்க வேண்டிய ஈரம் வெளியேறுகிறது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) நலமான சருமத்தில் 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். கொழுப்பும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோப்பின் பி.எச். 9, 10 அளவில் நிற்கும். கைவினைச் சோப்போடு தொழிலைத் தொடங்கி ‘மென்மையானது’ என்று விற்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் பிடிக்காது.

‘இயற்கை’ என்ற கதவு

சிறு தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ரசாயனம் கெட்டது, செடி நல்லது என்ற நம்பிக்கைதான் முதலீடு. ஒவ்வாமைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

லாவெண்டர் எண்ணெயில் இருக்கும் லினலூலையும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய சாது. புட்டியைத் திறந்து காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன. ஒவ்வாமையைக் கிளப்புவது அவைதான். ஆகவே ஒரே எண்ணெய், ஒரே அளவு. ஜனவரியில் செய்த கிரீம் யாரையும் தொந்தரவு செய்யாது, பாதி காலியான அதே புட்டியிலிருந்து ஜூலையில் செய்தது தொந்தரவு செய்யும். எண்ணெய்ப் புட்டியை எப்போது திறந்தீர்கள் என்று எழுதி வைக்காத தயாரிப்பாளருக்கு இது கடைசிவரை புரியாத மர்மமாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் 26 வாசனை ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கட்டாயப்படுத்தியது. 2023-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் கொண்டுபோனது. புதிய பொருள்கள் 2026 ஜூலை இறுதியிலிருந்தும், ஏற்கெனவே சந்தையில் இருப்பவை 2028 ஜூலை இறுதிக்குள்ளும் அதற்கு இணங்க வேண்டும். கழுவாமல் தடவி விட்டுவிடும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பெயர் வர வேண்டும். நறுமண எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாலே இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

சென்சிட்டிவ் சருமத்துக்கென்று செய்வதில் வாசனையே வேண்டாம் என்பது என் கட்சி. ‘வாசனை இல்லாதது’ என்பதும் ‘வாசனை சேர்க்காதது’ என்பதும் ஒன்றில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூலப்பொருளின் கெட்ட வாடையை மறைக்க ஒரு நறுமணப் பொருளைச் சேர்த்து, மூக்குக்கு எதுவும் தெரியாமல் செய்துவிட முடியும்.

மறுபக்கமும் உண்டு. மருந்துக்கடைச் சரக்கு, ஆகவே பாதுகாப்பு என்பதும் சரியில்லை. பிரிட்டனில் எக்ஸிமா உள்ளவர்களுக்குப் பல்லாண்டுகள் பரிந்துரைக்கப்பட்ட ‘அக்வஸ் கிரீம்’ கதையைப் பாருங்கள். மலிவு, எங்கும் கிடைக்கும், வாசனையும் கிடையாது. ஆனால் அதில் பலவற்றில் எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைக்க சோடியம் லாரில் சல்பேட் இருந்தது. ஆய்வகங்களில் வேண்டுமென்றே சருமத்தை எரிச்சலடைய வைக்கப் பயன்படுத்தும் அதே பொருள். கழுவாமல் விட்டால் சருமத்தின் தடுப்புச் சுவர் மெலிகிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, அந்த நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-ல் எச்சரிக்கை விடுத்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பழைய செய்முறை ஒன்று, யாரும் திரும்பக் கேள்வி கேட்காமல், ஆண்டுக்கணக்கில் ஓடியது.

பிரிசர்வேட்டிவ்: ஓடவும் முடியாது

கிரீம், லோஷன், சீரம் என்று நீர் சேர்ந்த எதுவும் நுண்ணுயிருக்கு விருந்து. அது வளராமல் தடுக்கச் சேர்ப்பதுதான் பிரிசர்வேட்டிவ். விரல் விட்டு எடுக்கும் டப்பாவாக இருந்தால் ஒவ்வொரு நாளும் புது விதை போகிறது. சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், கேண்டிடா போன்றவை கிரீமில் வளர்ந்திருப்பது பல சமயம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தடுப்புச் சுவரில் விரிசல் உள்ள சருமத்தில் அதைத் தடவுவதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘பிரிசர்வேட்டிவ் இல்லாதது’ என்று பெருமையாக அச்சடித்த நீர்க் கிரீமைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறோமே என்பார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், பாக்டீரியாவைத் தொடாது.

ஆனால் பிரிசர்வேட்டிவ்தான் ஒவ்வாமையின் பெரிய ஊற்றுகளில் ஒன்று என்பதும் உண்மை. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளின் வரலாற்றை இந்தத் தொழிலில் இறங்கும் ஒவ்வொருவரும் ஒரு முறை படிக்க வேண்டும். 1980-களிலிருந்தே அது இன்னொரு பொருளோடு கலந்து புழக்கத்தில் இருந்தது. அந்தக் கலவை ஒவ்வாமை தரும் என்று தெரிந்ததால் பத்து லட்சத்தில் 15 பங்கு என்று வரம்பு வைத்தார்கள். அதில் மெத்தில்ஐசோதயசோலினோனின் பங்கு நாலுக்கும் குறைவு. கூட்டாளிதான் மோசமானவன், இவன் பரவாயில்லை என்று கருதி, 2005-ல் ஐரோப்பாவில் இதைத் தனியாகப் பயன்படுத்த விட்டார்கள். தனியாக இருந்தால் வீரியம் குறைவு என்பதால் பத்து லட்சத்தில் 100 பங்குவரை அனுமதி. கலவையில் இருந்ததைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல். அதே காலத்தில் பாரபென்கள் என்ற பழைய பிரிசர்வேட்டிவ்கள் மீது பொதுமக்களுக்குப் பயம் வந்திருந்தது. ‘பாரபென் இல்லை’ என்று போட விரும்பிய பலருக்கு இது கைக்கெட்டிய மாற்றாகப் பட்டது. ஈரத் துடைப்பான், லோஷன், ஷாம்பூ என்று எல்லாவற்றிலும் நுழைந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவமனைகளின் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைச் சருமத்தில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனை) முடிவுகளில் இதன் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013-ல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. 2017 பிப்ரவரி முதல் தடவி விட்டுவிடும் பொருள்களில் ஐரோப்பா இதைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் வரம்பு அடுத்த ஆண்டு 15 பங்காகக் குறைந்தது.

அதே சங்கம் 2019-ல் பாரபென்களை என்னவென்று அறிவித்தது தெரியுமா? ‘ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்’ என்று. புழக்கத்தில் உள்ள பிரிசர்வேட்டிவ்களில் மிகக் குறைவாக ஒவ்வாமை தருபவற்றுள் அவையும் அடக்கம். பாரபென் பற்றிய மற்றக் கவலைகள் வேறு விவாதம். சருமத்தில் எரிச்சல் வரக் கூடாது என்ற ஒரே நோக்கில் பார்த்தால், பயந்து ஓடியவர்கள் பலர் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்தார்கள்.

சிறு தயாரிப்பாளருக்கு இங்கே கிடைக்கும் தேர்வுகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் பி.எச். 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சிலர் முகத்தில் அவை ஒவ்வாமை இல்லாமலே சிவப்பையும் குத்தலையும் தரும். பீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பாவில் 1 சதவீதம் உச்சவரம்பு. பென்சைல் ஆல்கஹால் நல்ல பிரிசர்வேட்டிவ், ஆனால் லேபிளில் பெயர் சொல்ல வேண்டிய வாசனை ஒவ்வாமைப் பட்டியலிலும் அது இருக்கிறது. நீரே இல்லாத களிம்பு என்றால் இந்தத் தலைவலி பெருமளவு போய்விடும். தொழில் தொடங்குகிறவர் முதல் பொருளாகக் களிம்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். கிரீமே வேண்டும் என்றால் டப்பாவை விட்டுவிட்டு, விரல் உள்ளே போகாத டியூபுக்கோ காற்றுப்புகாத பம்புக்கோ மாறுங்கள். பிரிசர்வேட்டிவின் சுமை கொஞ்சம் குறையும்.

பிரிசர்வேட்டிவ் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐ.எஸ்.ஓ. 11930 என்ற சர்வதேசச் சோதனை முறையில், கிரீமுக்குள் வேண்டுமென்றே பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விட்டு, 7, 14, 28-ஆம் நாள்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுவார்கள். செய்முறையில் ஒன்றை மாற்றினால் முடிவும் மாறலாம். டப்பாவை மாற்றினால்கூட மறுபடி யோசிக்க வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது, பலர் அதில்தான் விழுகிறார்கள். கிரீமில் சேர்க்கும் பிரிசர்வேட்டிவை நீங்கள் கவனமாகத் தேர்ந்திருப்பீர்கள். ஆனால் வாங்கிய கற்றாழைச் சாறோ, கெமோமில் சாறோ நீரில் கரைத்தது. அது கெடாமலிருக்க அதன் தயாரிப்பாளர் ஏற்கெனவே எதையோ சேர்த்திருப்பார். இரண்டு சதவீதம் சாறு சேர்த்தீர்கள் என்றால் அந்த ‘எதையோ’வில் ஐம்பதில் ஒரு பங்கு உங்கள் கிரீமில் இருக்கிறது. சாதாரண வாடிக்கையாளருக்கு அது ஒரு பொருட்டேயில்லை. அந்தப் பொருளுக்கே ஒவ்வாமை பதிந்தவருக்கு அது போதும். விற்பவரிடம் முழுக் கூட்டுப்பொருள் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். ஒரு கிரீமுக்கு எட்டுப் பொருள் போதும் என்ற இடத்தில் இருபத்தைந்தைச் சேர்க்காமல் இருப்பதற்கும் இதைவிட நல்ல காரணம் கிடையாது. சேர்க்கும் ஒவ்வொரு செடிச் சாறும் உங்களுக்குத் தெரியாத ஓர் ஆளை வீட்டுக்குள் விடுவதுபோல.

இருநூறு பேரிடம் சோதித்தோம்

‘தோல் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டது’ என்ற வரி சோதனை நடந்தது என்பதை மட்டும் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை. நேர்மையாகச் செய்த சோதனையிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் விளம்பர வாசகம் தானாக அடக்கமாகிவிடும்.

ஒவ்வாமைக்கு வழக்கமான மனிதச் சோதனையில், ஒரே இடத்தில் மூன்று வாரங்களுக்கு ஒன்பது முறை பொருளை ஒட்டி வைப்பார்கள். இரண்டு வாரம் போல ஓய்வு. பிறகு புது இடத்தில் ஒரு முறை ஒட்டிப் பார்ப்பார்கள். ஐம்பதிலிருந்து இருநூறு பேர்வரை கலந்துகொள்வது வழக்கம். 200 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் வராது என்று அதற்கு அர்த்தமா? புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு. ஒரு நிகழ்வு ஒரு முறைகூட நடக்கவில்லை என்றால், 3-ஐச் சோதித்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பது, 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய உச்சவரம்பு. 3-ஐ 200-ஆல் வகுத்தால் 1.5 சதவீதம். அதாவது ஆயிரம் பேர் வாங்கினால் பதினைந்து பேருக்கு வரக்கூடும் என்ற சாத்தியத்தைக்கூட இந்தச் சோதனை மறுக்கவில்லை. ஐம்பது பேர் சோதனை என்றால் அது 6 சதவீதம். இத்தனைக்கும் சோதனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நலமான சருமக்காரர்கள். உங்களிடம் வாங்குகிறவர்களோ, மற்ற இடங்களில் எல்லாம் எரிந்த பிறகு வந்தவர்கள்.

ஆகவே வாடிக்கையாளரின் சொந்தச் சோதனை முக்கியமாகிறது. டப்பாவில் வழக்கமாக அச்சடிக்கும் ‘24 மணி நேரம் கையில் தடவிப் பாருங்கள்’ என்ற வரி போதாது. குத்தலையும் கடுமையான எரிச்சலையும் அது பிடிக்கும். மூன்று நாள் கழித்துக் கிளம்பும் ஒவ்வாமையைப் பிடிக்காது. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் திறந்த தடவல் சோதனையை ஒட்டி இப்படிச் சொல்லலாம்: முழங்கையின் உள்மடிப்புக்கு அருகே ஒரு சிறு வட்டத்தில், காலையும் மாலையும், ஒன்றிலிருந்து இரண்டு வாரம் தடவுங்கள், சிவந்தால், அரித்தால் நிறுத்துங்கள். இரண்டு வாரம் யார் காத்திருப்பார்கள் என்று கேட்கலாம். பல முறை எரிந்தவர்கள் காத்திருப்பார்கள். அவர்களுக்காக ஒரு சிறிய மாதிரி டியூபை விலைக்கு வைப்பது பெரிய டப்பாவுக்குப் பணம் திருப்பிக் கொடுப்பதைவிட மலிவு.

ஒவ்வொரு ஈட்டுக்கும் ஓர் எண்

ஒரே தடவையில் காய்ச்சிக் கலக்கி இறக்கும் அளவை ஈடு என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலின் முதுகெலும்பு ஈட்டுப் பதிவேடு. எந்த நாள், எந்த மூலப்பொருள், அதன் எந்த லாட் (விற்பவரின் தயாரிப்புத் தொகுதி எண்), எத்தனை கிராம், எந்த வெப்பத்தில் கலந்தது, முடிவில் பி.எச். என்ன, யார் செய்தது. ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் இரண்டு மூன்று டப்பாவை விற்காமல் அலமாரியில் நிறுத்தி வைக்க வேண்டும். புகார் வரும் நாளில் அந்த டப்பாதான் சாட்சி.

ஒரு கிலோ அளவில் நன்றாக வந்த கிரீம் இருபது கிலோவில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரிய பாத்திரம் மெல்ல ஆறும். கலக்கியின் வேகம் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி. வெப்பம் தாங்காத பிரிசர்வேட்டிவைச் சூடு தணியும் முன் சேர்த்திருந்தால் அது ஓரளவு வீணாகப் போயிருக்கும். மூலப்பொருள் விற்பவர் சொல்லாமல் கொள்ளாமல் தன் ஆலையை மாற்றுவார். பெயர் அதே, லேபிளில் எழுத வேண்டியதும் அதே, ஆனால் உள்ளே இருக்கும் மாசுகள் வேறு. கோகாமிடோபுரோப்பைல் பீட்டேன் என்ற மென்மையான நுரைப்பொருளுக்கு வந்த ஒவ்வாமையில் பெரும்பங்கு, அந்தப் பொருளால் வந்ததல்ல; தயாரிப்பில் மிச்சமாகித் தங்கிய துணைப்பொருள்களால் வந்தது. ஒரே பெயரில் சுத்தமான சரக்கும் கிடைக்கும், அழுக்கான சரக்கும் கிடைக்கும்.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இதே பாடம் வேறு வழியில் வரும். நுண்ணுயிர்ச் சோதனை, நிலைப்புச் சோதனை, பாதுகாப்பு மதிப்பீடு எல்லாமே செய்முறைக்கு ஒன்று என்று விலை வைப்பவை. டப்பாவுக்கு ஒன்று என்றல்ல. பத்துப் பொருள் வைத்திருந்தால் பத்து முறை கட்ட வேண்டும். மூன்று பொருளோடு நிற்பவர் ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சோதித்துக் காட்டலாம். புதுப்புது வகைகளை இறக்கிக்கொண்டே இருப்பது மற்ற அழகுசாதனத் தொழிலில் உத்தியாக இருக்கலாம். இங்கே வாடிக்கையாளரே அதை விரும்புவதில்லை. அவருக்கு ஒத்துக்கொண்ட ஒன்று கிடைத்துவிட்டது, அது நாளையும் கிடைக்குமா என்பதே அவர் கவலை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவில் சிறு தொழிலுக்குத் தனிச் சலுகை இல்லை. பொருளுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர், தகுதியுள்ள மதிப்பீட்டாளர் தந்த பாதுகாப்பு அறிக்கை, கடைசி ஈட்டுக்குப் பிறகு பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கோப்பு எல்லாம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாண்டுச் சராசரி விற்பனை பத்து லட்சம் டாலருக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஆலைப் பதிவிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் கடுமையான பாதிப்பு வந்தால் 15 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. எங்கும் பொதுவான கோடு ஒன்று: ‘வறட்சியைத் தணிக்கும்’ என்றால் அழகுசாதனம், ‘எக்ஸிமாவைக் குணப்படுத்தும்’ என்றால் மருந்து. அந்த ஒரு வினைச்சொல்லில் நீங்கள் வேறு சட்டத்துக்குள் போய்விடுவீர்கள்.

கோட்டைத் தாண்டுவதன் மோசமான வடிவமும் உண்டு. பர்மிங்ஹாமில் எக்ஸிமா நோயாளிகள் பயன்படுத்திய 24 மூலிகைக் கிரீம்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வில், 20-ல் அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டு இருந்தது. அற்புதமாகக் கேட்டதன் ரகசியம் அதுதான். வேறொருவர் செய்து தரும் கிரீமில் தன் பெயரை ஒட்டி விற்க நினைப்பவர், ‘இரண்டே நாளில் சிவப்பு போய்விடும்’ என்று தயாரிப்பாளர் சொன்னால் மகிழ்வதற்கு முன் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரியை அனுப்ப வேண்டும்.

புகார் வருகிறது. முதல் கேள்வி ‘டப்பாவின் அடியில் உள்ள எண் என்ன?’ என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, தடவி எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது; நிமிடங்களா, நாள்களா என்பதிலேயே குத்தலா ஒவ்வாமையா என்ற திசை கிடைத்துவிடும். மூன்றாவது, வேறு என்ன புதிதாகப் பயன்படுத்தினார் என்பது. ‘சருமம் பழகிக்கொள்ளும், தொடர்ந்து போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நிறுத்தச் சொல்லுங்கள், பணத்தைக் கொடுங்கள், கூட்டுப்பொருள் பட்டியலை முழுசாக அனுப்புங்கள். அவர் பேட்ச் டெஸ்ட் செய்யும் மருத்துவரிடம் போனால் அந்தப் பட்டியலும் மிச்ச கிரீமும் அவருக்கு உதவும். ஒரே ஈட்டு எண்ணில் மூன்று புகார் வந்தால் அலமாரியில் நிறுத்தி வைத்த டப்பாவைத் திறக்கும் நேரம் அது. நாற்பது ஈட்டில் பரவலாக மூன்று வந்தால் அது வேறு செய்தி. மூன்று பேர் மூன்று காரணத்துக்காக எரிந்திருக்கலாம்.

செய்முறையை மாற்றியே ஆக வேண்டிய நாளும் வரும். ஒரு மூலப்பொருள் நின்றுபோகும், ஒரு பிரிசர்வேட்டிவைத் தடை செய்வார்கள். ‘புதிய, மேம்படுத்திய’ என்று டப்பாவில் போட்டு அதை விழாவாக்குவது பெரிய நிறுவனங்களின் வழக்கம். இங்கே அது எதிர்விளைவைத் தரும். எது போனது, அதன் இடத்தில் எது வந்தது, எந்த ஈட்டு எண்ணிலிருந்து என்று ஒரு பத்தியில் முன்கூட்டியே எழுதி, பழைய செய்முறையின் கடைசி ஈட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்து வையுங்கள். இரண்டு வாரம் முழங்கை மடிப்பில் புதியதைச் சோதித்துப் பார்க்கும்வரை அவர்களுக்குத் தடவிக்கொள்ளப் பழையது வேண்டும்.